தூக்குவாளி வராத படங்கள்

ஆவணப்படம் திரையிட்டுப் பேசும் கூட்டம் மதுரையில் எங்கே நடந்தாலும், துறவிகளைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை: "உண்மையான துறவி கேமரா முன்னால வரமாட்டாருங்க. வந்துட்டா அவர் துறவியே இல்ல." சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பக்தர் தலையாட்டுவது துறவியின் புனிதம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. பகுத்தறிவாளர் தலையாட்டுவது, சாமியார் என்றாலே போலிதான் என்று ஏற்கெனவே முடிவுகட்டிவிட்டதால். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் இந்த ஒரு இடத்தில் ஒத்துப்போகின்றன. அதனாலேயே இதை யாரும் தட்டிக்கேட்பதில்லை.

நான் இதை மறுக்கிறேன். நானும் பல வருடம் இதையே நம்பியவன்தான். செல்லூரில் எங்கள் தெருக்கோடியில் நடந்த ஒரு காரியம் என்னை அப்படி நம்ப வைத்தது. பிறகு அதே காரியத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்ததில் நம்பிக்கை உடைந்தது. அதைச் சொல்வதற்கு முன் எதிர்த்தரப்பின் வாதத்தை முழுசாக வைத்துவிடுகிறேன்.

தனிமை என்றால் பார்ப்பதற்கு ஆள் இல்லாத நிலை. கேமரா நுழைந்ததும் பார்ப்பதற்கு ஆள் வந்தாயிற்று, தனிமை போயிற்று. ஆகவே தனிமையைப் படமெடுத்தேன் என்று சொல்பவர் அங்கே இல்லாத ஒன்றை எடுத்திருக்கிறார். மௌனத்தையும் படத்தில் காட்ட முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பைத்தான் காட்ட முடியும். கடைசியாக, படம் வெளியே வந்தால் கூட்டம் வரும், கூட்டத்தோடு உண்டியல் வரும், அந்த மனிதரின் வாழ்க்கை குலைந்துபோகும். கடைசியில் சொன்னதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். முதல் இரண்டும், தனிமையில் இருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அருகில் போய்ப் பார்க்காதவர்கள் சொல்வது.

செல்லூர் தறிக்காரர்கள் ஊர். கைத்தறி ஓடிய வீடுகள் பலவற்றில் விசைத்தறி வந்தது, பிறகு அதுவும் குறைந்தது. அப்படி மூடிக்கிடந்த ஒரு தறிக்கூடத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். வேற்றூர்க்காரர் இல்லை, அதே தெருவில் குழித்தறியில் கால் தொங்கப்போட்டு நெய்தவர்தான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் பேச்சை நிறுத்தினார். யாரோடும் சண்டை இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஒன்பது வருடம் ஒரு சொல் பேசவில்லை. அவரைச் சித்தர் என்று தெருவில் யாரும் சொன்னது கிடையாது. பெரியவர் என்போம். பிள்ளைகளுக்கு அவர் ஊமைத் தாத்தா.

அவருக்கு ஐந்து வீட்டிலிருந்து முறை வைத்துச் சோறு போனது. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் முறை. எவர்சில்வர் தூக்குவாளியில் சோறு, அதன் மேல் பொருந்துகிற கிண்ணத்தில் குழம்பு, மூடியின் மேல் வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி கீரை. காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். எட்டுக்குக் கதவைச் சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார். வாளியை நிலைப்படியில் வைத்துவிட்டு, போன முறை கொடுத்த வாளியை எடுத்துவருவது என் வேலை. அது கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். ஒருநாள்கூடக் கழுவாத வாளியை நான் எடுத்துவந்ததில்லை. அவருடைய பிரஷர் மாத்திரை தீரும் தேதியை எதிர்வீட்டு அக்கா தன் வீட்டு நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தார். தறிக்கூடத்துச் சொந்தக்காரர் வாடகை பற்றி ஒரு தடவை வாயெடுத்தார். தெருவே அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. பக்கத்துக் கூடத்தில் விசைத்தறி மட்டும் அவருக்காக நிற்கவில்லை. அது பிழைப்பு, நிறுத்தச் சொல்ல முடியாது, அவரும் எதிர்பார்க்கவில்லை. இரவும் பகலும் அந்த டடக் டடக் சத்தத்துக்கு நடுவில்தான் அவர் மௌனமாக இருந்தார்.

ஒரு தம்பி கேமராவோடு வந்தார். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. பெரியவரிடம் கேட்டார். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் எடுத்தார். அதில் ஒருநாள் வெள்ளிக்கிழமை, எனக்குக் காய்ச்சல் என்று அம்மாவே வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். "சாப்பிட்டியாப்பா?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு நிலைப்படியில் வாளியை வைக்கக் குனிந்தபோது அவர் சொன்னார்: "அம்மா, ஃபிரேமை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா." அம்மா தள்ளி நின்றார். ஷாட் முடிகிறவரை வாளியைக் கையில் பிடித்தபடி சுவரோரமாக நின்றார்.

பதினோரு நிமிடப் படம். புல்லாங்குழல் இசை. நரைத்த தாடி, மூடிய கண், கூரை ஓட்டின் விரிசல் வழியே விழும் வெயில். பின்னணியில் ஒரு கம்பீரமான குரல் அவர் உணவையும் உறவையும் துறந்தவர் என்று சொன்னது. அந்தக் காட்சியில் ஃபிரேமுக்கு இரண்டடி வெளியே என் அம்மா சோற்று வாளியோடு நின்றிருந்தார்.

பிறகு நடந்ததை ஊகிப்பது கஷ்டமில்லை. எங்கிருந்தெல்லாமோ கார்கள் வந்தன. எலுமிச்சம்பழம், சூடம், தொட்டில் கட்டக் கேட்டு வந்த தம்பதிகள், ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுக் கைபேசியில் படமெடுத்தவர்கள். பெரியவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மூன்று நாள் வாளி நிலைப்படியிலேயே இருந்தது. நான்காம் நாள் ராத்திரி அவருடைய அக்கா மகன் ஒருவர் வந்து தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வருடம் பெரியவர் அங்கேயே காலமானார் என்று தகவல் வந்தது. ஐந்து வீட்டிலிருந்தும் போனோம்.

கேமரா வந்து கெடுத்துவிட்டது என்றுதான் தெருவில் எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அம்மா ஃபிரேமுக்குள் வந்திருந்தால்? கவிழ்த்து வைத்த வாளி, எதிர்வீட்டு நாள்காட்டியில் போட்ட வட்டம், பக்கத்துக் கூடத்து விசைத்தறி எல்லாம் அந்தப் படத்தில் இருந்திருந்தால்? மனைவியை இழந்த, நல்ல மனசுள்ள, பேச விரும்பாத ஒரு நெசவாளியை அவருடைய தெரு எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்று ஜனங்கள் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் தெருவில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். பிள்ளைவரம் கேட்டு யாரும் வந்திருக்க மாட்டார்கள். சோற்றை வெட்டியெறிந்தபோதுதான் அவர் சித்தர் ஆனார். சித்தர் ஆனபோதுதான் கூட்டம் வந்தது. படமெடுத்ததைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. எதை வெட்டினார்கள் என்று கேட்க வேண்டும்.

தனிமை என்பது பார்ப்பதற்கு ஆளில்லாத நிலை என்ற வாதத்தை மதுரையைச் சுற்றியுள்ள மலைகளே பொய்யாக்குகின்றன. கீழக்குயில்குடி சமணர்மலை, திருப்பரங்குன்றம், மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, அழகர்மலை என்று நம் ஊரைச் சுற்றித் துறவிகள் தங்கிய குன்றுகள். இவற்றில் ஏதாவது ஒன்றுக்குப் போனால் எல்லாரும் கற்படுக்கையைத்தான் பார்க்கிறார்கள், அதில் படுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். குகையின் நெற்றியில் பாறையை நீளவாக்கில் செதுக்கி ஒரு காடி வெட்டியிருக்கும். மழைத்தண்ணீர் பாறை முகப்பில் வழிந்து உள்ளே வராமல் அந்தக் காடியில் தடைபட்டு வெளியே சொட்டிவிடும். உள்ளே படுத்திருப்பவர் நனையக்கூடாது என்று ஒரு கல்தச்சர் சாரத்தில் நின்று எத்தனையோ நாள் உளி பிடித்திருக்கிறார். அவருக்குக் கூலி யார் கொடுத்தார்கள் என்பதும் பல இடங்களில் பாறையிலேயே எழுதியிருக்கிறது.

மாங்குளத்துக் கல்வெட்டுகளை 1882ல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். தமிழ்பிராமியில் உள்ள அவை கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியவை என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு. அவற்றில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது, வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழு வருகிறது. அழகர்மலையில், கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகையில், இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது: மதுரைப் பொன் வணிகர், உப்பு விற்றவர், வெல்லப்பாகு விற்றவர், ஏருக்குக் கொழு விற்றவர், துணி விற்றவர். நம் பாட்டன் பூட்டன் தொழிலைச் செய்தவர் ஒருவர் பெயர் அந்தப் பாறையில் இருக்கிறது என்பதைச் செல்லூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சமணத் துறவிக்கு நெருப்பு மூட்டவும் சமைக்கவும் அனுமதி இல்லை. யாராவது கொடுத்தால்தான் உணவு. மழைக்காலத்தில் ஊர் ஊராக நடப்பதையும் நிறுத்தி ஓரிடத்தில் தங்க வேண்டும். அதனால்தான் அந்தக் குகைகள் ஊருக்கும் வணிகப் பாதைக்கும் எட்டாத காட்டில் இல்லை. நடந்து போய்ச் சோறு வாங்கித் திரும்புகிற தூரத்தில் இருக்கின்றன. வள்ளுவரும் துறவுக்குத் தனி அதிகாரம் வைத்தவர்தான். ஆனால் துறந்தாரைத் தாங்கும் பொறுப்பை எங்கே வைத்தார்? இல்வாழ்க்கை அதிகாரத்தில்.

ஆக, பார்ப்பவர் இல்லாத தனிமை இந்த மண்ணில் இருந்ததில்லை. ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எட்ட நின்று பார்த்தது, சோறு வைத்தது, தொந்தரவு செய்யாமல் திரும்பியது. கேமராவாலும் அப்படி நிற்க முடியும்.

உண்மையான துறவி கேமரா முன் வரமாட்டார் என்று அடித்துச் சொல்பவர்களின் வீட்டுச் சுவரிலேயே அதற்குப் பதில் தொங்குகிறது. ரமணரின் படம். ஜி.ஜி. வெல்லிங் எடுத்த அந்த முகம் மதுரையில் எத்தனை வீடுகளில், எத்தனை கடைகளில் இருக்கிறது! ரமணர் நம் ஊர்க்காரர். மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தெற்கே சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டில் இருந்தபோதுதான் 1896ல் அந்தப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு மரண அனுபவம் வந்தது. அண்ணனுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு மீதியை வைத்துவிட்டு ஆகஸ்ட் 29 அன்று கிளம்பி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். அவரைப் புகைப்படம் எடுத்திருக்கிறார்கள், அசையும் படமும் எடுத்திருக்கிறார்கள். 1950 ஏப்ரலில், அவருடைய கடைசி நாட்களில், புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸோனே கேமராவோடு அங்கே இருந்தார். எதற்கும் ரமணர் ஓடி ஒளியவில்லை. இதனால் அவர் துறவி இல்லை என்று ஆகிவிடுமா? அப்படிச் சொல்ல இவர்களில் ஒருவருக்கும் வாய் வராது.

ரமணரின் தனிமையைச் சொல்லும்போது நாம் எல்லாரும் பாதாளலிங்கக் குகையோடு நிறுத்திவிடுகிறோம். பூச்சி அரித்துப் புண்ணாகிக் கிடந்த பிள்ளையை வெளியே தூக்கிவந்தவர்களும், கண் திறக்காதவரின் வாயில் உணவை ஊட்டியவர்களும் இருந்ததால்தான் அந்தத் தனிமை உயிரோடு வெளியே வந்தது. கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு வந்த எச்சம்மாள் என்ற அம்மையார் ஏறத்தாழ நாற்பது வருடம், 1945ல் தாம் இறக்கும்வரை, அவருக்காக உணவு சமைத்து அனுப்பினார். ரமணரும் பின்னாளில் விடியுமுன் ஆசிரமச் சமையல்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கினார். ரமணரைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. எச்சம்மாளை நடுவில் வைத்து ஒரு படம் யாராவது எடுத்தால் நான் முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.

மௌனத்தைக் காட்ட முடியாது என்பவர்களுக்கு ஒரு படத்தைச் சொல்கிறேன். பிலிப் குரோனிங் என்ற ஜெர்மானியர் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள கிராந்த் ஷார்த்ரூஸ் மடத்தைப் பற்றி எடுத்து 2005ல் வெளியிட்ட படம். பெரும் மௌனம் என்று அர்த்தம் வருகிற தலைப்பு. 1084ல் புனித புரூனோ தொடங்கிய கார்த்தூசியத் துறவிகளின் தலைமை மடம் அது. குரோனிங் 1984ல் அனுமதி கேட்டார். இன்னும் காலம் வரவில்லை என்று பதில் வந்தது. பதினாறு வருடம் கழித்து, இன்னும் விருப்பம் இருந்தால் வரலாம் என்று அவர்களே தகவல் அனுப்பினார்கள். தனி ஆளாகப் போய், மாதக்கணக்கில் அவர்களோடு தங்கி, செயற்கை விளக்கு இல்லாமல், பின்னணிக் குரல் இல்லாமல், வெளியிலிருந்து இசை சேர்க்காமல் எடுத்தார். இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

நான் அதைச் செல்லூரில், பக்கத்துக் கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது மடிக்கணினியில் பார்த்தேன். பாதியில் மின்சாரம் போனது. தறி நின்றது, படம் ஓடியது. அப்போதுதான் அந்தப் படம் எவ்வளவு சத்தமானது என்று தெரிந்தது. மரத்தரை முனகுகிறது. மணி அடிக்கிறது. பனி உருகிச் சொட்டுகிறது. மடத்துத் தையல்காரர் புதிதாகச் சேர்ந்தவருக்கு அங்கி தைக்கத் துணியை அளந்து வெட்டுகிறார், கத்தரிக்கோல் துணிக்குள் போகும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. துணியோடு புழங்கியவர்களுக்கு அந்தச் சத்தம் என்னவெல்லாம் சொல்லும்! பேச்சு நின்ற இடத்தில் பொருள்களின் குரல் மேலெழும்புகிறது, மௌனம் அப்படித்தான் கேட்கும். அதை எடுத்து நம் காதில் போட்டிருக்கிறார் அந்த மனிதர். காட்ட முடியாது என்று இனி எப்படிச் சொல்வது?

படத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய காட்சி இன்னொன்று. ஒவ்வொரு துறவியின் அறைக் கதவுக்குப் பக்கத்திலும் சுவரில் ஒரு சின்னத் திறப்பு இருக்கிறது. ஒரு சகோதரர் தள்ளுவண்டியில் உணவைக் கொண்டுவந்து அந்தத் திறப்புக்குள் வைத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போகிறார். உள்ளிருப்பவர் எடுத்துக்கொள்கிறார். நாங்கள் நிலைப்படியில் செய்ததும் இதைத்தான். குரோனிங் அந்தச் சகோதரரை ஃபிரேமை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை துறவிகள் வெளியே நடந்து வாய்விட்டுப் பேசுவதையும், பனிச்சரிவில் சிறுபிள்ளைகள் போலச் சறுக்கிச் சிரிப்பதையும் அவர் வெட்டவில்லை. இத்தனையும் காட்டிய பிறகும் அந்தத் தனிமையின் கனம் ஒரு இம்மி குறையவில்லை.

கெடுதல் வரும் என்ற வாதத்துக்கு வருகிறேன். வரும். எங்கள் தெருவில் வந்தது. அதற்கு மருந்து பொறுமை. குரோனிங் பதினாறு வருடம் காத்திருந்தார். எங்களிடம் வந்த தம்பி பதினாறு மணி நேரம்கூடக் காத்திருக்கவில்லை. தலையாட்டாத மனிதரிடம் சம்மதத்தை ஊகிக்கக் கூடாது. தெருப் பெயரைத் தலைப்பில் போடக் கூடாது. எடுத்ததை முதலில் சோறு கொடுத்த வீடுகளுக்குக் காட்டியிருக்க வேண்டும். அம்மா பார்த்திருந்தால் "என்னப்பா, சோறு தின்னாதவர்னு சொல்ற?" என்று அங்கேயே கேட்டிருப்பார், படம் திருந்தியிருக்கும். இதைச் செய்யாமல், தப்பாக எடுத்த படங்களைக் காட்டி எடுக்கவே கூடாது என்று பேசினால் என்ன மிஞ்சும்? மரியாதை உள்ளவர்கள் ஒதுங்கிப் போவார்கள். தாடியையும் விபூதியையும் சிலும்பிப் புகையையும் தேடி அலைகிறவர்கள் மட்டும் களத்தில் இருப்பார்கள். இன்றைக்குக் கிரிவலப் பாதையில் கைபேசியை நீட்டிக்கொண்டு ஓடுபவர்களைப் பாருங்கள், களம் யார் கையில் போயிருக்கிறது என்று தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேச்சை நிறுத்திய ஆணைச் சித்தர் என்கிறோம், பேச்சை நிறுத்திய பெண்ணைக் கிறுக்கி என்கிறோம். கன்னியாகுமரிக் கடற்கரையில் நாய்களோடு இருந்த மாயம்மாவையும் முதலில் அப்படித்தான் பார்த்தார்கள். கழுகுமலைப் பாறையில் குரத்தியார் என்று சமணப் பெண் துறவிகள் பெயரை வெட்டிவைத்த மண் இது. லண்டனில் வளர்ந்த தென்சின் பால்மோ இமயத்தில் லாஹௌல் குகையில் 12 வருடம் இருந்ததைப் பற்றிப் புத்தகமும் வந்தது, படமும் வந்தது. நம் ஊர்ப் பெண்களின் தனிமைக்கு ஒரு நல்ல படம் இல்லை. கேமரா வேண்டாம் என்கிற வாதம் இந்த இருட்டையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறது.

மதுரையில் இப்போது படம் எடுக்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். துறவியைப் பற்றிப் படம் எடுங்கள், யார் என்ன சொன்னாலும் எடுங்கள். கீழக்குயில்குடிக்குப் போனால் படுக்கையை எடுத்த பிறகு மேலே உள்ள காடியையும் எடுங்கள். யாராவது வாளியோடு வந்தால் தள்ளி நிற்கச் சொல்லாதீர்கள். எங்கள் பெரியவருக்குச் சோறு கொடுத்த ஐந்து வீட்டில் மூன்று வீட்டுக்காரர்கள் இன்னும் செல்லூரில்தான் இருக்கிறோம். அந்தப் படத்தில் வராதது எல்லாம் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. வந்து கேட்டால் சொல்வோம்.